பொட்டு வைத்த விளக்கு

அந்தச் சிவப்பு விளக்கு ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தோட்டத்துப் பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத்துரையின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், அதே அளவான பச்சை விளக்கொன்றின் பக்கத்தில் இருந்தது. சீமைக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கிய கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கித்தான் கூரை, வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்த காலம் அது. இப்போது என் மருமகன் காரில் சாவியைத் திருப்பினால் தேர்த் திருவிழா மாதிரி விளக்குகள் எரிகின்றன. அவர் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் கண் அங்கேயே போய் நிற்கும்.

அந்தக் காரை ஓட்டியவரைத் தோட்டமே டிரைவர் அண்ணன் என்று கூப்பிட்டது. துரைமாருக்கு அந்த விளக்குகள் வெறும் அலங்காரம். அவருக்கோ அவை பேசும். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிய வேண்டும், எஞ்சின் முறுக்கேறியதும் அணைய வேண்டும், ஓடும்போதும் எரிந்தால் டைனமோ கரண்டு கொடுக்கவில்லை, பேட்டரி கரைகிறது என்று அர்த்தம். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்வார். "பச்ச எரிஞ்சா வண்டி பெட்ரோலுக்கு அழுவுதுங்க. செவப்பு எரிஞ்சா நம்மள அழவைக்கப் போவுது" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த பேச்சு. நாங்கள் சிரிப்போம்.

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் அவர் வீட்டுக்காரி முழுகாமல் இருந்தாள். ஆயுத பூஜைக்கு, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இருந்த தேயிலை மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும், காருக்கு வைப்பது வழக்கப்படி அவள் வேலை. நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி உள்ளே குனிந்து, வட்டமாகக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். அந்தச் சிவப்பு விளக்கும் தப்பவில்லை. பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாகக் காய்ந்து உதிர வேண்டும். வேகம் காட்டும் முள்ளின் கண்ணாடியை மட்டும் மறுநாள் அவர் லேசாகச் சுரண்டிக்கொண்டார். டைனமோவைச் சமீபத்தில்தான் பிரித்துப் பழுது பார்த்திருந்த தைரியம் வேறு. சின்ன விளக்கை அப்படியே விட்டுவிட்டார்.

அவளுக்கு வலி கண்டது ஒரு மழை நாளின் பின்னேரம். தொட்டுப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை தலை கீழே வராமல் கால் மாறிக் கிடந்தது. என் கையில் ஆகிற காரியமில்லை, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. சின்னத்துரை தானே வந்து கார் சாவியைக் கொடுத்தார். அவளை முன் சீட்டில் சாய்த்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடுக்கில் நான் முடங்கிக்கொண்டேன். அங்கிருந்து அவளுடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது.

பாதி வழியில் பனிமூட்டம் ரோட்டை மூடியது. அவர் பெரிய விளக்குகளைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் வெளிச்சம் மஞ்சளித்தது, எஞ்சின் இருமியது, நின்றேவிட்டது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். திரும்ப வந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிய வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு பெருவிரலால் அந்தப் பொட்டைத் துடைத்தார். உள்ளே, அணையப் போகிற கரி மாதிரி, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. வண்டி ஓடும்போதும் பொட்டுக்குள் எத்தனை நாளாக எரிந்ததோ. காலையில் வண்டி கிளம்ப மறுத்தபோதெல்லாம் குளிர் என்று நினைத்து, முன்னால் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றியிருக்கிறார். திரும்பி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவளிடம் சொல்லாதே என்று அர்த்தம்.

சத்தம் கேட்டு வந்த ஆட்கள் வண்டியை இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போய், பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் எங்களைச் சேர்த்தார்கள். அங்கேதான் பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை.

ஆபீசில் விசாரித்தபோது டிரைவர் அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். "லைட்டு எரிஞ்சத பாத்தேங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு நாந்தான் விட்டுட்டேன்." காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவரைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். கத்தி பிடித்துப் பழகாத கை, முதல் மாதமெல்லாம் என்னிடம் வந்து கட்டுப் போட்டுக்கொள்வார். கட்டுப் போடும்போதும் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவளோ பேசினாள், பேசித் தீர்த்தாள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், விடிந்தால் பொழுதுபட்டால் அவரைத்தான் ஏசுவாள். கண்ணிருந்தும் குருடாக ஓட்டிப் பிள்ளையைத் தின்றவன் என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவள் நாக்கைக் கண்டால் எனக்கு ஆகாது. பல நாள் தொண்டை வரை வந்ததை அவர் முகத்துக்காகத்தான் விழுங்கினேன்.

சில வருஷம் கழித்து நெஞ்சுச் சளி கண்டு அவர் போய்ச் சேர்ந்தார். கருமாதிக்குப் போனபோது, இனி மறைக்க என்ன இருக்கிறது, இவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற கோபத்தோடுதான் லயத்துக்குள் நுழைந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் அந்த மனுஷன் சொன்னது பொய்யென்று நான் தொடங்கியதுமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்மா. அவரு அந்தப் பொட்ட தொடைச்சப்ப நான் கண்ண முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் வச்ச பொட்டு."

பிறகு ஏன் அந்த மனுஷனைப் படாதபாடு படுத்தினாய் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே அவரு டிரைவர் வேலைய விட்டாரு. நான் ஏசாம இருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபுடிச்சிருவாரு. அந்த நிம்மதியாவது அவருக்கு இருக்கட்டும்னுதான் ஏசினேன்." பிடித்திருந்த என் கையை விட்டாள். அப்புறம் சொன்னாள்: "இனி நான் யாரம்மா ஏசுறது?"