நான் ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. நான்கு மாதம் என் கார் நடுவழியில் நின்று நின்று என்னை அவமானப்படுத்தியது. அந்த நான்கு மாதமும் என் வீட்டுக்காரரும் ஜெலுத்தோங் பட்டறையில் கார் பழுதுபார்க்கும் போர்மேனும் மாறி மாறிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். காரில் ஒன்றும் இல்லை, ஓட்டுகிற ஆளிடம்தான் கோளாறு.

அது இருபது வயதைத் தாண்டிய டீசல் கார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவதால் வார நாட்களில் கார் என் கையில் இருக்கும். தீவில் இருக்கும் கெலுகோரில் கிளம்பிக் கடல் பாலம் ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பதினாறு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சூப்பர்வைசர் பதவிக்கு என் பெயரும் இன்னொருத்தியின் பெயரும் போயிருந்தன. நேரத்துக்கு வருகிறவருக்குத்தான் கொடுப்பேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. நான் வேலை சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எனக்கு மேலே ஏறிப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தேன்.

முதல் தடவை பாலத்தின் நடுவில் நின்றது. பாலத்தின் இணைப்புகளில் டக்டக்கென்று சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில், யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் இஞ்சின் செத்துவிட்டது. இருமல் இல்லை, புகை இல்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். சாவியைத் திருப்பிப் பார்த்தேன், சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. இறங்கி, பானட்டைத் திறந்து வெறுமனே வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்து திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அன்று இருபது நிமிடம் தாமதம்.

பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. பட்டறைக்குக் கொண்டுபோனால் போர்மேன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவான். கார் தங்கமாக ஓடும்.

"அக்கா, காடி ஓகே லா. கிளட்ச்ச சட்டுனு விடுறீங்களோ?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போது நிக்குது தம்பி. கிளட்ச்ச நான் தொடவே இல்ல."

அவன் எனக்குப் பதில் சொல்ல மாட்டான். பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரைப் பார்ப்பான். "அண்ணே, பில்டர மாத்திப் பாப்போமா?" பில்டர் மாற்றினார்கள். டீசல் ஹோஸ் மாற்றினார்கள். டாங்கியைக் கழற்றிக் கழுவினார்கள். மறுவாரம் பாலத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார், ஒரு தடவைகூட நிற்கவில்லை. "நான் ஓட்டுனா ஓடுதே, உனக்கு மட்டும் எப்படி நிக்குது? பதட்டத்துல என்னமோ பண்ணுற" என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு சாமான் ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் படுத்துக்கொண்டால், எந்த மெஷின், எந்த நேரம், யார் கையில் இருந்தது, என்ன வித்தியாசம் என்று குடைந்து குடைந்து கேட்போம். என்னிடம் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காததுகூடப் பரவாயில்லை. போகப் போக நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். பாலம் ஏறும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவேன். வலது காலை ஒழுங்காக வைத்திருக்கிறேனா என்று குனிந்து பார்ப்பேன். பத்தொன்பது வயதிலிருந்து கார் ஓட்டுகிறவள் நான்.

அந்தப் புதன்கிழமை மறுபடி நின்று, எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மாலை வீட்டுக்காரர், "இத வித்துரலாம், ஆள் பாத்துட்டேன். நீ கம்பெனி பஸ்ல போ" என்றார். கம்பெனி பஸ் பிடித்தால் சூப்பர்வைசர் வேலை பார்க்க முடியாது, எல்லாருக்கும் முன்னால் போய் எல்லாருக்கும் பின்னால் வர வேண்டிய வேலை அது. வியாழக்கிழமை, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி நானே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, வாங்க வருகிறவனுக்குக் காட்டுவதற்கு முன் கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று பட்டறைக்குப் போனோம். போர்மேன் காரில் ஏறினான். ஆறடி ஆள். ஏறியதும் கீழே கைவிட்டு சீட்டைத் தடாலென்று கடைசிவரை பின்னால் தள்ளினான். நான் நாலு அடி பத்து அங்குலம். வீட்டுக்காரர் ஓட்டினாலும் இவன் ஓட்டினாலும் அதற்கப்புறம் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வதே எனக்கு வேலை. இழுத்து இழுத்துப் பழகியதால் அதை நான் யோசித்ததே இல்லை.

"தம்பி, நில்லுங்க. சீட்ட நான் வைக்கிற இடத்துல வச்சு ஓட்டுங்க."

"முட்டி இடிக்கும்க்கா."

"இடிக்கட்டும்."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வெளி ஆள் முன்னால் அவரை அப்படிச் சொன்னதில்லை.

சீட்டை நானே முன்னால் இழுத்துப் பூட்டினேன். வயிறு ஸ்டியரிங்கில் முட்ட, முழங்கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு அவன் ஓட்டினான். பக்கத்தில் நான். சந்தில் வரிசையாக வேகத்தடைகள். மூன்றாவது தடையில் ஏறி இறங்கியதும் இஞ்சின் அணைந்தது. அவன் சாவியைத் திருப்பினான், பிடிக்கவில்லை. "இறங்கிட்டு ஏறுங்க" என்றேன். இறங்கி ஏறித் திருப்பினான். கிளம்பியது. அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன், பார்க்க எனக்கு உரிமை இருந்தது.

பட்டறைக்குத் திரும்பி சீட்டைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கினான். அடியில் ஒரு சின்ன சுவிட்ச், அதிலிருந்து இரண்டு வயர். சீட்டு முன்னால் வந்தால் அதன் இரும்புத் தண்டவாளம் வயரின் மேல் உட்காரும். உட்கார்ந்து உட்கார்ந்து வயர் தேய்ந்து ஒற்றை இழையில் நின்றது. என் எடையும் ஒரு குலுக்கலும் சேர்ந்தால் தொடர்பு அறுந்து டீசல் நின்றுவிடும். நான் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும்.

"கட்-ஆப் சுவிட்ச்க்கா. கள்ளன் எடுக்காம இருக்கப் போடுறது. யாரு போட்டா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கம்பளத்தைப் பார்த்தார்.

"வாங்குன புதுசுல நான்தான் போட வச்சேன். மறந்தே போச்சு."

என்னிடம் சொல்லவே இல்லை. நான் ஓட்டுகிற காரில் எனக்குத் தெரியாமல் ஒரு சுவிட்ச். போர்மேன் பத்து நிமிடத்தில் வயரை மாற்றி மூடினான். திரும்பி வரும்போது வீட்டுக்காரர், "அதான் கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கே போய்ச் சேர்ந்தேன். மேனேஜரிடம் கார் சரியாகிவிட்டது, கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே முடிவாகிவிட்டதாம், அந்த இன்னொருத்தியிடம் சொல்லியும் ஆகிவிட்டதாம். வருத்தமாகத்தான் சொன்னார். காரில் கோளாறு என்று முன்பே சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேனே என்று கோப்பைத் திறந்து கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மலாயில், என் கையெழுத்தில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தேன்: எனக்குச் சரியாகக் கார் ஓட்டத் தெரியவில்லை.