நீலத்தின் மேல் மஞ்சள்

முதியோர் பராமரிப்பு இல்லத்தின் இரண்டாவது மாடியில் பதினெட்டுக் கட்டில்கள். பகலில் அவற்றுக்கு இரண்டே பேர். மூத்தவளை எல்லோரும் கண்டக்டரக்கா என்றார்கள். எழ முடியாதவரை விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்தும்போது, "ஒண்ணு, ரெண்டு, ரைட்" என்று குரல் கொடுப்பாள். அந்த "ரைட்"டில் கட்டிலின் இருபுறமும் கைகள் ஒன்றாக எழ வேண்டும். எதிர்ப்புறம் நிற்பவள் ஊசி. உடம்பும் ஒல்லி, பேச்சும் சுருக். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அந்த "ரைட்" பிசகியதில்லை. ஊசிக்கு இடுப்பு வலி வந்தபிறகு, மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வேலைக்கு வருகிறவர்கள் சோர்ந்துபோய் நின்றுவிடுகிறார்களே என்று புது மேலாளருக்குக் கவலை. நல்ல பெண்தான். மாடிக்கு ஒரு பலகை மாட்டி, அதில் தினம் ஒரு பெயர்த்தாள் குத்தச் சொன்னாள். வீட்டுக்குப் போகும்போது அவரவர் பெயருக்கு நேரே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மனசு நன்றாக இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் நீலம். மறுநாள் காலையில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, நீலம் ஒட்டியவரை அறைக்குக் கூப்பிட்டு அரைமணி பேசுவாள்.

"அங்க போயி மனசத் திறந்துக்கிட்டு உக்காந்தா இங்க யாரு ஊட்டறது, யாரு துடைக்கிறது?" என்றாள் கண்டக்டரக்கா.

ஏழாம் கட்டிலில் ஒரு பழைய தையல்காரர் இருந்தார். மூன்று வருடமாக அவரைக் குளிப்பாட்டியது ஊசிதான். "நீ வராத நாள்ல எனக்குத் தொழிலே ஓடல" என்பார். ஒருநாள் காலையில் போய்விட்டார். மதியத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்தாக வேண்டும். விரிப்பை ஊசியே மாற்றினாள். சாயங்காலம் நீலம் ஒட்டிவிட்டுப் போனாள்.

கண்டக்டரக்கா அதைப் பார்த்தாள். நோயாளி முன்னால் முகம் வாடக் கூடாது என்பது அவள் பயிற்சியில் படித்த முதல் பாடம். நாளைக்கு இவளைக் கூப்பிட்டுக் கிளறுவார்கள், அழவைப்பார்கள் என்று நினைத்தாள். நீலத்தின் மேல் ஒரு மஞ்சளை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். அடுத்த நாளும் நீலம். அடுத்த நாளும் மஞ்சள்.

"மேடம் லீவாக்கா?" என்று நடுவில் ஒருநாள் ஊசி கேட்டாள். "இல்லயே. உன்னையெல்லாம் கூப்பிட மாட்டாங்க, பயப்படாத."

ஊசி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மாதக் கடைசியில் கூட்டம். "இரண்டாவது மாடி முழுக்க மஞ்சள்" என்று மேலாளர் கைதட்டினாள். "முதல் மாடியிலதான் நிறைய நீலம். அதனால புதுசா கிடைச்ச ஒரு ஆள அவங்களுக்குக் குடுக்கறேன்."

"நான் பதினோரு நாள் நீலம் ஒட்டினேன் மேடம்" என்றாள் ஊசி.

தாள்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஊசி ஒரு மஞ்சளை நகத்தால் தடவினாள். தடிப்பாக இருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். சாயங்காலம் தான் ஒட்டிவிட்டுப் போனபிறகு மாடியில் மிஞ்சுவது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

படி ஏறும்போது கண்டக்டரக்காதான் வாயைத் திறந்தாள். "உன்ன அழ வச்சிருவாங்களேன்னுதான்டி..."

"அழத்தான்க்கா ஒட்டினேன். வீட்டுல புள்ளைங்க பாக்கும். இங்க உங்க முன்னாடி மூஞ்சி வாடக் கூடாது. வேற எங்க போறது?"

கண்டக்டரக்கா திரும்பப் படியிறங்கிப் போய், ஒட்டியது நான்தான் என்று மேலாளரிடம் சொன்னாள். கொடுத்த ஆளைத் திருப்பி வாங்க முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த மாதக் கூட்டம்வரை ஊசி வேலையில் இருக்கவில்லை. கடைசி நாளில், "இடுப்பப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, ஏழாம் கட்டில். தையல்காரருக்குப் பிறகு வந்தவர் நல்ல கனம். கண்டக்டரக்கா விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்றாள். எதிர்ப்புற ஓரம் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, வண்டி கெளம்பலையா?" என்றார் அவர்.

"கீழேந்து ஆள் வரணும்யா. கொஞ்சம் பொறுங்க" என்றாள். பிடித்த விரிப்பை விடாமல் நின்றாள்.