முட்டிக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று

அவரைத் தொழிலில் எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைக்கிற, உள்ளே குமிழி ஓடும் கருவியின் பெயர் அது. டைல்ஸ் ஒட்டுகிறவர். பாதி ஆயுளை முட்டி போட்டே கழித்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் பாதத்தால் தரையைத் தடவுவார். "இங்க ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். வீட்டுக்காரர் முகம் சுருங்கும். சமாதானம் செய்வது இவர் மனைவியின் வேலை.

பக்கவாதத்தில் படுத்த அவருடைய மாமியாரைக் குளிப்பாட்டவும் புண் வராமல் புரட்டிப் போடவும் நான் காலையில் அந்த வீட்டுக்குப் போவேன். அந்த அம்மாளுக்குக் கையும் காலும்தான் விழுந்தன, வாய் விழவில்லை.

ஒரு நாள் நான் போனபோது ரசமட்டம் வேலைக்குக் கிளம்பாமல் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கட்டிக்கொள்ளும் ரப்பர் பேட் இரண்டும் மடியில். ஆணியை அடுப்பில் காய்ச்சி, அவற்றின் தோல்வார் நுனியில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வார் சுருங்கிடுச்சுக்கா. சிமெண்ட் தண்ணியில ஊறி ஊறிக் காயுதில்ல? பழைய ஓட்டைக்கு எட்டவே மாட்டேங்குது."

"ரெண்டுமா ஒண்ணா சுருங்குச்சு?"

"ஒரே கடையில வாங்கினது. ஒண்ணா வந்துச்சு, ஒண்ணா போகுது."

ஊறிக் காய்ந்த தோல் சுருங்கும்தான். அவர் தொழிலில் இருந்திருந்தால் நானும் வாரைத்தான் குறை சொல்லியிருப்பேன். என் தொழில் வேறு. கால்சட்டையைத் தூக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. அவர் பார்த்தார், மனைவி பார்த்தாள், நான் பார்த்தேன். குழி நிரம்பவில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து மாமியார் கேட்டார்: "என்னடி அங்க சத்தமே காணோம்?"

"அவருக்குக் கால் வீங்கியிருக்கும்மா."

"என் காலை விடவா? இந்த வீட்டுல எனக்குப் போட்டி வேறயா!"

நான் சிரிக்கவில்லை. "தம்பி, என்னென்ன மாத்திரை சாப்பிடறே? எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

சாமான் பையின் பக்கவாட்டுப் பையிலிருந்து, கரண்டிக்கும் சுத்திக்கும் நடுவில் கிடந்த இரண்டு அட்டைகளை எடுத்தார். "சிவப்பு முட்டிக்கு. மருந்துக்கடையில கேட்டு வாங்கறது. வெள்ளை தோள்பட்டைக்கு, டாக்டர் எழுதினது. அஞ்சு நாளைக்குத்தான் எழுதினாரு. நல்லா கேட்டுச்சு, அதனால விடல. அப்புறம் பிரஷர் மாத்திரை, அது எப்பவும் உள்ளது."

இரண்டும் ஒரே வகை. வீக்கத்தையும் வலியையும் அடக்குகிற மாத்திரைதான் இதுவும் அதுவும். கம்பெனி வைத்த பெயரும் நிறமும் வேறு.

"மாத்திரைக்கு வழி தெரியுமா? நீ முட்டியில இறங்கு, நீ தோள்ல இறங்குன்னு டிக்கெட் எடுத்துக் கொடுத்தியா?"

"அப்படித்தானேக்கா வலி நிக்குது?"

"சாப்பிட்டுட்டுத்தான் போடறியா?"

"வயித்த ரொப்பிக்கிட்டு எப்படிக்கா குனியறது? தொண்டைக்கு வந்துடும். டீயோட முழுங்கிடுவேன்."

"தண்ணி?"

"தண்ணி குடிச்சா எழுந்து போகணும். நாலு மாடி இறங்கினாத்தான் பாத்ரூம். இந்த முட்டிய வச்சிக்கிட்டு எத்தன தடவ இறங்கி ஏறறது?"

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இப்பல்லாம் ராத்திரியில கூட எழுந்து போறதில்லக்கா. அசந்து தூங்கறாருன்னு சந்தோஷப்பட்டேன்."

வலி மாத்திரை விஷமில்லை. நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஏதாவது ஒன்றை மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு, குறைந்த அளவில், சில நாளைக்கு என்று எடுத்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது. இவரோ ஒரே வகையில் இரண்டைச் சேர்த்து, வெறும் வயிற்றில், மாதக்கணக்கில் போட்டிருக்கிறார். இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீர் குடிக்காதவருக்கு இன்னும் குறையும். அதோடு, இவர் சாப்பிடுவது போல உடம்பிலிருந்து நீரைப் பிரிக்கிற ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் வினை முற்றும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன்; வயிற்றில் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும். இல்லை என்றார். குடல் தப்பித்தது, அவ்வளவுதான்.

"இந்த ரெண்டையும் இனிமே தொடாதே. பிரஷர் மாத்திரைய நீயா நிறுத்தாதே, டாக்டரக் கேளு. மூணு அட்டையையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"ஹால் பாதியில நிக்குதுக்கா. நாளைக்கு முடிச்சுட்டுப் போறேனே."

"கிட்னி நின்னுபோச்சுன்னா ஹால் முழுசா நின்னுடும்."

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழி இன்னும் லேசாகத் தெரிந்தது. அதன் ஓரத்தை விரலால் தடவினார், தரையைத் தடவுகிற மாதிரியே.

"இப்படி ஒரு பள்ளத்த நான் விட்டுட்டு வந்தா விடுவாங்களா?" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு அன்றே படுக்கையில் போட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் ரத்தத்தை மெஷினில்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு அட்டையும் குப்பைக்குப் போயின. ரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீரகம் பெரும்பாலும் தேறியது, பழையபடி முழுதாகத் தேறவில்லை. இனிமேல் தேறாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

முட்டி வலியும் போகவில்லை. அதற்கு இப்போது வெந்நீர் ஒத்தடமும், தொடைக்கு வலுச் சேர்க்கிற பயிற்சியும், தாங்காத நாளில் டாக்டர் சொன்ன அளவுக்கு பாராசிட்டமாலும்தான். தரை வேலையை மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டார். இவர் நின்றுகொண்டு சுவருக்கு ஒட்டுகிறார். வருமானம் இறங்கியது. முட்டி பேட் மச்சானுக்குப் போனது. ஒல்லிக் கால், புது ஓட்டை அவனுக்கு எதற்கு?

போன மாதம் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கூடப் போய் வந்த மனைவிதான் சொன்னாள். பல் டாக்டர், "வாயைத் திறங்க" என்றாராம். இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற கையை நீட்டித் தடுத்தாராம்.

"இருங்க டாக்டர், திறந்துட்டா பேச முடியாது. எனக்குக் கிட்னி பாதி. பிரஷர் மாத்திரை சாப்பிடறேன். வீக்கத்துக்குப் போடற வலி மாத்திரை எந்தக் கலர்லயும் வேணாம். இப்ப பாருங்க."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாராம்.