நடுத்தளத்தின் முடிவுகள் மட்டும்

இந்த ஜெர்மன் ஊரில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். முட்டிவலி, மலச்சிக்கல், மனைவியோடு சண்டை எல்லாம் வரும். வந்த புதிதில் பேந்தப் பேந்த விழித்தேன். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தானே. என்னைக் கேட்டால் ‘குட்’ என்பேன். குறையே இல்லாத மனிதன் என்று நம்பிவிட்டார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர அலுவலகத்தில் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இங்கே எஃகுத் தொட்டியின் சுவரைச் சிறுசிறு ‘ஷெல்’ துண்டுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் வெளிப்பக்கம், உள்பக்கம், நடுத்தளம் என்று எந்த இடத்தின் தகைவு, அதாவது உலோகத்துக்குள் ஏறும் விசையின் அளவு, தெரிய வேண்டுமோ அதைக் கார்டில் துளையிட்டுக் கேட்க வேண்டும். கேட்டது மட்டுமே அச்சாகும். காகிதம் வீணாகிறதே என்று நடுத்தளத்தை மட்டும் கேட்டேன். தொட்டியின் அடிப்பகுதியில் எல்லாமே பூச்சியத்தை ஒட்டிய எண்கள். பெருமையோடு நீட்டினேன். பக்கத்து மேசை கிளாவுஸ் ஒரு கார்டை எடுத்து வளைத்துக் காட்டினார். “வெளியே இழுபடுகிறது, உள்ளே நசுங்குகிறது, நடுவில் ஒன்றுமில்லை. நீ நடுவை மட்டும் கேட்டிருக்கிறாய்.” திரும்பக் கேட்டபோது, தகடு தாங்காத எண்கள் வந்தன.

அன்றைக்குத்தான் டிரங்க் கால் கிடைத்தது. செங்கல்பட்டு பஜாரில் அண்ணன் கடையில்தான் போன். என் மனைவி சுபைதா மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வந்து காத்திருப்பாள். சுற்றிலும் கடைக்கு வந்தவர்களின் காதுகள். நான் புறப்பட்ட பிறகு பிறந்தவள் எங்கள் மகள். அவள் குரலை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

“நல்லாக் கீறேன் மச்சான். கொழந்த தூங்கினு கீது” என்றாள் சுபைதா. போன முறையும் இதையேதான் சொன்னாள். எனக்கு என்னவோ உறைத்தது.

“எழுப்பு.”

“இன்னா மச்சான்...”

“அழுதாலும் பரவால்ல, எழுப்பு.”

கடை இரைச்சலுக்கு நடுவே, “எழுப்ப முடியாது மச்சான்” என்றாள்.

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். “தூரத்துல கீறவன்கிட்ட எப்டிடா சொல்றது? ஜுரம்டா. ரெண்டே நாளு...” லைன் அறுந்துபோனது.

கடல் தாண்டிப் போனவனிடம் மையத்துச் செய்தியை, சாவுச் செய்தியை, சொல்லமாட்டார்கள் எங்கள் வீடுகளில். அங்கே அவனைப் பிடித்துக்கொள்ள ஆளில்லையே என்றுதான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெற்றவள், அத்தனை பேருக்கு நடுவில் நின்று, செத்த பிள்ளையை எனக்காகத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாளே!

குளிர்காலத்துக்குள் இருவரையும் அழைத்துக்கொள்ள நினைத்து, சின்னக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனேன். என் அரைகுறை ஜெர்மன் கடைக்காரப் பெண்மணிக்கு எப்படிக் கேட்டதோ, “அதற்குள் வளர்ந்துவிட்டாளா!” என்று சிரித்தபடி அடுத்த அளவைக் கொண்டுவந்தார். தலையாட்டினேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது என் அறைக் கதவில் தொங்குகிறது. அவள் படுத்திருக்கும் மதுராந்தகத்து மண்ணில் அதைப் போடும்படி ஒருநாளும் குளிராது. குளிர்கிற ஊரில் போட்டுக்கொள்ள அவள் இல்லை.