பிஸ்கட் டப்பாவில் ஒன்பது ஐசி

"…அந்த வீடியோக்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும் தம்பி. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். நாற்காலியப் போட்டு உக்கார வெச்சு, அவன் பேசுனத அவனையே முழுசா கேக்க வெப்பேன்" என்றார் அந்த அக்கா, ஒரு பிஸ்கட் டப்பாவை என் கடை மேசைமேல் வைத்தபடி.

அந்த வீடியோக்காரன் நான்தான். அவருக்குத் தெரியாது. என் வீடியோவில் என் கை மட்டும்தான் வரும், முகம் வராது. குரலையும் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டிருப்பேன்.

மலேசியாவில், கிள்ளானில், அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஃபோட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பேன், பாஸ்போர்ட் படம் பிடிப்பேன், விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் பாரம் வரைக்கும்தான். மீதியைக் கடைக்கு வருகிறவர்கள் பேசிப் பேசியே சொல்லிக் கொடுத்தார்கள். அச்சில் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைப்பேன். தன் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா, "இது நான் இல்ல தம்பி, என் நாத்தனாரு. இருந்தாலும் குடு, வெச்சுக்கிறேன்" என்றார். அலுவலக வரிசையில் நின்று களைத்து வந்த ஒருவர், "நம்பர் எடுத்தாச்சுன்னா பாதி வேல முடிஞ்சிரும் boss. மீதிப் பாதிக்குத்தான் சோறு கட்டிட்டு வரணும்" என்றார். இப்படிப்பட்ட வாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால்தான் எனக்குக் கடை அலுப்பதே இல்லை.

வீடியோ போட ஆரம்பித்ததும் இவர்களால்தான். ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டார்கள். ஒருநாள் பாரத்தை மெஷின் கண்ணாடிமேல் வைத்து, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று விரலால் காட்டி, மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்துப் போட்டேன். அதிகம் பேர் பார்க்கவில்லை. ஆனால் பார்த்த பழைய வாடிக்கைக்காரர்கள் என் கையை அடையாளம் கண்டு கடைக்கே வந்து சொன்னார்கள். "ஒன் விரல பாத்துக்கிட்டே நானே எழுதிட்டேன்" என்று நிரப்பிய பாரத்தைக் காட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் சின்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூட்டாளியைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி வீடியோ போடுகிறவன். ஒரு நாளைக்கு மூன்று மதியச் சாப்பாடு சாப்பிடுவான். வாழையிலைக்குப் பக்கத்தில் வயிற்றெரிச்சல் மாத்திரையும் இருக்கும். என் வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "தலைப்புலயே பதிலச் சொல்லிட்டா உள்ள வந்து எவன் பாப்பான்? கொஞ்சம் பயம் காட்டுலா. பயந்தவன்தான் நின்னு பாப்பான்" என்றான். சொல்லிவிட்டு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டான். அவன் பேச்சைக் கேட்ட நான் அந்த மாத்திரையைக் கவனித்திருக்கலாம்.

பயம் காட்ட ஆரம்பித்தேன். பழைய ஐசி, அதாவது அடையாள அட்டை, செல்லாமல் போகப் போகிறது என்று அப்போது ஆளுக்காள் பேசிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். அட்டை நல்லபடியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இதைச் சொல்ல ஒரு வரி போதும். நான் பதினொரு நிமிடம் பேசினேன். அந்த ஒரு வரியை ஒன்பதாவது நிமிடத்தில் வைத்தேன். மேலே சிவப்பு எழுத்தில், 'உங்கள் ஐசி இனி செல்லாதா?' கேள்விக்குறியை மட்டும் ஓர் ஓரத்தில், எறும்பு அளவுக்கு.

கூட்டம் கூடியது. நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபோனை எடுத்து எண்ணிக்கையைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். ஒருவருக்குக் கண்ணை மூடிய படத்தையே நான்கு பிரதி அச்செடுத்துக் கொடுத்தேன். "தூங்குறவனுக்கும் பாஸ்போர்ட் குடுப்பாங்களா boss?" என்று அவர் கேட்டபோதுதான் படத்தையே பார்த்தேன். அடுத்து எதைச் சொல்லிப் பயமுறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் இந்த அக்கா வந்தார்.

டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒன்பது ஐசி. ஒவ்வொன்றும் ஒரு துண்டுத்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே வீட்டு நம்பர் எழுதியிருந்தது.

"பண்டமாரான் பிளாட்லேருந்து வரேன். எங்க பிளாக்குல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. நான்தான் ஸ்கூல் காண்டின்ல இன்னிக்கு லீவு போட்டேன். சரி, ஒரே நடையா மாத்திட்டு வந்துருவோம்னு எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வந்துட்டேன். கவுண்டர்ல என்னடான்னா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆன்டி, மாத்துறதா இருந்தாலும் அவங்கவங்கதான் வரணுங்குறாங்க. இப்ப ஆபீசர் சொல்றது சரியா, அந்த வீடியோக்காரன் சொல்றது சரியா? நீ பாரம் எழுதுறவன், நீ சொல்லு."

"ஆபீசர் சொல்றதுதான்க்கா சரி" என்றேன். "வீடியோவ முழுசா பாத்தீங்களா?"

"ரெண்டு நிமிஷம் பாத்தேன். அதுக்குள்ள நெஞ்சு படபடன்னு ஆயிருச்சு. அப்புறம் எங்க பாக்குறது? டப்பாவத் தேடப் போயிட்டேன்."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஃபோன் அடித்தது. எதிர்முனையில் ஒரு பெண் பேசியது எனக்கே கேட்டது. "ஆன்டி, என் ஐசி ஒங்ககிட்டயா இருக்கு? அம்மா இப்பதான் சொல்றாங்க. ரெண்டு மணிக்கு எனக்குக் கார் டெஸ்ட் ஆன்டி. ஐசி இல்லன்னா உள்ளயே விட மாட்டாங்க."

அக்கா ஃபோனை இறக்கினார். நாலாவது மாடி வீட்டுப் பெண்ணாம். ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். இந்தத் தடவை பாஸ் ஆனால் ஒரு பூக்கடையில் வேன் ஓட்டுகிற வேலை தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் கிடைத்தால் காத்திருக்க மாட்டார்கள்.

கடைச் சுவரில் மணி பன்னிரண்டே முக்கால். பஸ்ஸை நம்பினால் போய்ச் சேர முடியாது. படம் பிடிக்கத் தலைசீவி உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினேன். "சீவுன தல கலையறதுக்குள்ள வந்துருங்க" என்றார்.

காரில் அக்கா டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஒனக்கு எதுக்குத் தம்பி இந்தச் சிரமம்? வேவாரத்த விட்டுட்டு வரே. நல்ல மனசு ஒனக்கு" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னேன்.

"அக்கா, அந்த வீடியோக்காரன் நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்ச விழுந்துருச்சு. ஓட்டு" என்றார்.

பிளாட் கீழே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரின் கார் இன்ஜினை நிறுத்தாமல் நின்றிருந்தது. அந்தப் பெண் ஓடி வந்து ஐசியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்றாள், என்னைப் பார்த்து. அக்கா திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

கார் திரும்பி மறைந்ததும் அக்கா சொன்னார், "அஞ்சரைக்கு மூணாவது மாடிக்கு, என் வீட்டுக்கு வா. ஐசியெல்லாம் திருப்பிக் குடுக்கணும். எல்லாரும் வேல விட்டு அவங்கவங்க வீட்டுக்கு வந்துருப்பாங்க."

போகாமல் இருந்திருக்கலாம். அவர் கடைக்கு வந்து இழுத்துப் போகப் போவதில்லை. ஆனால் மத்தியானம் முழுக்க ஃபோனைத் தொடவே கை வரவில்லை. அந்தப் பெண்ணின் டெஸ்ட் என்ன ஆயிற்றோ என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரைக்குப் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண். சிரித்துக்கொண்டிருந்தாள். "பாஸ் அங்கிள். பார்க்கிங்லதான் கொஞ்சம் வேர்த்துருச்சு."

கூடத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. அக்கா அதைக் காட்டினார். உட்கார்ந்தேன். என் வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, ஃபோனை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். ஒரு கோப்பைத் தேநீரும் வந்தது. அதைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.

பதினொரு நிமிடம் இவ்வளவு நீளமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. யாரையோ விரட்டிக்கொண்டு ஓடுகிறவன் குரல். நாலாவது நிமிடத்தில் அந்தப் பெண், "இன்னும் விஷயத்துக்கே வரலியே அங்கிள்" என்றாள். அக்கா, "பொறு, நம்மள இன்னும் கொஞ்சம் பயமுறுத்திட்டு வருவாரு" என்றார். ஒன்பதாவது நிமிடத்தில் அந்த வரி வந்தது. அக்கா சட்டென்று நிறுத்தினார்.

"இதானா? இத வாசல்லயே சொல்லியிருந்தா நான் இந்நேரம் லீவக் கெடுக்காம கால நீட்டிப் படுத்திருப்பேன். சொல்லத் தெரியாதவன் இல்ல நீ. கடையில கேட்டதும் ஒரே வார்த்தையில சொன்னியே. அத அப்படியே சொல்ல வேண்டியதுதானே?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தே தலைப்பை மாற்றினேன். 'உங்கள் ஐசி செல்லும்.' மறுநாள் பழைய வீடியோவை எடுத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்தில் புதிதாக ஒன்று போட்டேன். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், அது உண்மை. கூட்டாளி கூப்பிட்டு, "என்னலா, கடைய மூடுறியா?" என்றான். ஆனால் நிரப்பிய பாரத்தைக் காட்ட வருகிறவர்கள் மறுபடியும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். வந்து போகிறவர்கள் வாயிலிருந்து விழுவதையும் மறுபடியும் தாளில் எழுதி வைக்கிறேன். போன வாரம் அந்தக் கூட்டாளியே கடைக்கு வந்து, ஒரு நாளைக்கு ஒரு கடைதான் என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னான். மாத்திரைப் பட்டையை மட்டும் இன்னும் பையில் வைத்திருக்கிறான்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. மாற்றிய தலைப்பை அக்காவிடம் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். தலையை ஆட்டினார். தேநீரைக் குடிக்கச் சொன்னார். குடித்து முடித்ததும், தன்னுடைய ஐசியை எடுத்துக்கொண்டு, மீதி ஏழு ஐசி இருந்த டப்பாவை என் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்காமல், மேல்மாடிக்குப் படியேற ஆரம்பித்தார்.