பட்டை காயுமா, மிஸ்?

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வேண்டாம் என்று மருந்து எடுக்கிற பொம்பளை, மருந்து பூசிய ரப்பர் மரம் மாதிரிக் காய்ந்துபோவாள் என்று நம்பினேன். சிரிக்க வேண்டாம். இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறவனுக்கு உலகத்தில் பாதி மரமாகத்தான் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் வயதான மரங்களின் பட்டையைச் சுரண்டி, பிரஷ்ஷால் ஒரு மருந்து பூசுவோம். பால் கூடுதலாக வரும். அதைச் சொல்லிக்கொடுக்க வந்த அதிகாரி, "இது மரத்துக்கு ஹோமோன் மாதிரி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அளவு மிஞ்சினால் பட்டை காயும். அதற்கப்புறம் எப்படி வெட்டினாலும் சொட்டுப் பால் வராது. அப்படிப்பட்ட மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டுவைப்பது என் வேலை.

என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் ஏறி, அவளும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு தடவை உண்டானால் அவள் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். ஏதாவது செய்தாக வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் மிட்வைஃப் மிஸ் நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு வந்து, மாத்திரை, ஊசி, கையில் வைக்கிற குச்சி, மூன்றிலும் இருப்பது ஹோமோன்தான் என்று சொன்ன அன்றைக்கு, என் கண்ணுக்கு முன்னால் சிவப்புக் கோடு வந்து நின்றது.

அதிலிருந்து எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். இந்த மிஸ் ஏன் இவ்வளவு சிரித்துப் பேசுகிறார்? சும்மா தருகிற மருந்தில் என்ன இருக்கும்? லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி ஊசி போட்ட பிறகு ஏன் குண்டானாள்? கடையடியில் ஒருவர், நம்ம தோட்டத்துத் தமிழ் ஆட்களைக் குறைக்கத்தான் இதெல்லாம் என்றார். அந்தக் காலத்தில் பெண்களிடம் சரியாக விளக்கம்கூடச் சொல்லாமல் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள் என்று பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். அது முழுக்கக் கட்டுக்கதை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அந்தப் பயத்தோடு என் மரத்துப் பயத்தையும் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தேன்.

கிளினிக் நாளன்று நானும் வருகிறேன் என்றேன். சண்டை பிடிக்கவா என்று மனைவி கேட்டாள். விசாரிக்க என்றேன். கிளினிக் வரிசையில் மீசை வைத்தவன் நான் ஒருவன்தான்.

மிஸ் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையைத் தினமும் மறக்காமல் குடிக்க வேண்டும். ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. குச்சியைக் கையில் தோலுக்குக் கீழே வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹோமோன் இல்லாத லூப்பும் இருக்கிறது. மனதுக்குள் நான் மாத்திரைக்குத்தான் ஓட்டுப் போட்டேன். பயம் வந்தால் மறுநாளே நிறுத்திவிடலாம் அல்லவா. பிறகு மிஸ், ஊசிக்கும் குச்சிக்கும் மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும், சிலருக்கு வராமலே போகும் என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை.

"பொத்த வேலெனவாத, மிஸ்?"

பட்டை காயுமா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பால் வெட்டுகிற பெண்கள். மிஸ்ஸுக்கு முன்னால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மிஸ் மட்டும் சிரிக்காமல் என் மரத்துக் கதையை முழுவதும் கேட்டார்.

"அது வேற மருந்து, ஐயா. இது பொம்பளை உடம்பில இருக்கிற சாமான் மாதிரிதான். அவ்வளவு பயம்னா ஆம்பளைக்கும் ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கு. பேர் எழுதவா?"

நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

"அவரு வேணாம் மிஸ்," என்றாள் என் மனைவி. "மரத்துக்குப் பட்டை சீவுறப்பவே அவருக்கு மயக்கம் வரும்."

மறுபடியும் சிரிப்பு. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"காயிறதுக்கு எனக்குப் பயமில்லைங்க. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் பயம்."



பிரஷர் பார்த்தார்கள், கூடுதலாக இருந்தது. பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை சரிவராது என்று டொக்டர் மறுத்துவிட்டார். நான் ஓட்டுப் போட்டதுதான் அவளுக்கு ஆகாதது. அவள் குச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதையும் நான் நம்பவில்லை. நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடுமோ என்று அவள் கையைத் தினமும் அமுக்கிப் பார்ப்பேன். இது என்ன ரேடியோவா, ஸ்டேஷன் தேடுறீங்களா என்பாள். மலையில் பால் வெட்டுகிற பெண்களோ, என்னைக் கண்டாலே "ஐயா, பட்டை எப்படி?" என்று விசாரிப்பார்கள்.

முதல் சில மாதங்கள் அவளுக்கு விட்டுவிட்டு இரத்தம் பட்டது. கிளினிக்கில் காட்டினோம். பார்த்துவிட்டு, குச்சி வைத்த புதிதில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு நின்றது. பிரஷர் மாத்திரை குடிக்கிறாள். மறுபடி உண்டாகவில்லை. காய்ந்தும் போகவில்லை.