எதில் பாதி

பதுளையில் என் கிளினிக் நாட்களில் வரிசை வாசல்வரை நிற்கும். அந்த அவசரத்துக்கு எனக்குக் கைகொடுத்த சொல், பாதி. கொழுப்பைக் குறைக்கும் இந்த மாத்திரையைப் போட்டால் மாரடைப்பு வரும் வாய்ப்பு பாதியாகக் குறையும் என்பேன். ஆட்கள் உடனே தலையாட்டுவார்கள். எதில் பாதி என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த, கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரிடமும் அதையே சொன்னேன். அவருக்கு இரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல். வேறு நோய் எதுவும் இல்லை. மாத்திரை போடாமலேயே மாரடைப்பு வரும் வாய்ப்பு அவருக்குக் குறைவுதான். குறைவானதில் பாதி போனால் எவ்வளவு பெரிதாகப் போய்விடும்? படித்த எனக்கு அது தெரியும். சொன்னால் மாத்திரையை விட்டுவிடுவார் என்று நானாகவே தீர்மானித்து வாயை மூடிக்கொண்டேன்.

சில மாதங்களில், கால் சதை வலிக்கிறது, கொழுந்து பறிக்க மலை ஏற முடியவில்லை என்று வந்தார். மாத்திரையால் இருக்கலாம் என்று தெரிந்தும், பொறுத்துக்கொள்ளுங்கள், உயிர் பெரிதல்லவா என்றேன். பொறுத்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது வேலையை விட்டிருந்தார். தோட்டம் கொடுத்திருக்கும் லயத்து வீடு கையில் இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். புருஷன் இல்லாத வீடு. பண்டாரவளையில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் படிப்பை நிறுத்திவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாளாம்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கும் பெண்களை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அத்தனை பேரும் உங்களைப் போன்றவர்கள், அத்தனை பேரும் வருஷக்கணக்கில் இதைப் போட்டாலும், இதனால் தப்புகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்களுக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று எனக்குத் தெரியாது என்றேன். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் சட்டென்று விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா மாத்திரைய விட்டுட்டு மலைக்குப் போயிருப்பேங்க, டொக்டரம்மா. போடாட்டி செத்துருவேன்னுல்ல நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாத்திரையை நிறுத்தினேன், கால்வலி ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. மகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று, அவளுக்குப் பதிலாகத் தன் பேரைப் பதியக் கேட்டுப் போயிருக்கிறார். உங்களுக்கு வயதாகிவிட்டது, மகள் நன்றாகத்தானே பறிக்கிறாள் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்களாம்.